முன்பக்கம் திரும்பிய நாக்கு

ஷெட்டின் வாசலில் தொங்கிய ஈரச் சாக்கை விலக்கி உள்ளே வந்த ஷீபாவின் கண்ணில் முதலில் பட்டது அந்த ஒற்றை நாக்குதான். புல்லட்டின் பெட்ரோல் டேங்கில், இடது பக்கம், நேற்று சாயங்காலம் அவள் நீல டேப்பால் கோடு இழுத்து முடித்த தீ, அவள் விட்டுப்போன மாதிரி இல்லை. கறுப்புப் பெயின்ட்டின் மேல் நான்கு நாக்குகள் சீட்டைப் பார்த்து வளைந்து ஓட, அடியில் இருந்த ஐந்தாவது மட்டும் பாதி வழியில் மனசு மாறித் திரும்பி, ஹெட்லைட் பக்கம் நுனியை நீட்டியிருந்தது.

வண்டியில் வரைகிற தீ எப்போதும் பின்பக்கம்தான் ஓடும். வண்டி முன்னே போகிறது, காற்று தீயைப் பின்னே தள்ளுகிறது, அவ்வளவுதான் கணக்கு. நிற்கிற வண்டிகூடப் பறக்கிற மாதிரி தெரிவது அதனால்தான். முன்பக்கம் பார்க்கிற தீயை இத்தனை வருஷத்தில் அவள் வரைந்ததும் இல்லை, எவன் வண்டியிலும் பார்த்ததும் இல்லை.

“ஏங்க! டேப்ப யாரு தொட்டா?”

அவள் புருஷன் கிங்ஸ்லி வெளியே வேப்பமரத்தடியில் ஸ்ப்ரே கன்னைத் தின்னரில் கழுவிக்கொண்டிருந்தான். தீயின் ஓரக்கோட்டுக்கு டேப் ஒட்டுவது அவள் வேலை, அதற்குள் பெயின்ட் அடிப்பது அவன் வேலை. கல்யாணமான நாளிலிருந்து ஒருத்தர் வேலையில் மற்றவர் தலையிட்டதில்லை.

“உன் கோட்டுல நான் என்னைக்கிடி கைய வச்சேன்? காத்துல ஒட்டு விட்டிருக்கும்.”

“காத்து டேப்ப உரிக்கும். உரிச்ச டேப்ப அழகா வளைச்சுத் திருப்பி ஒட்டுமாக்கும்?”

அவன் கழுவுவதில் மும்முரமானான். போடி ரோட்டில் ஆடிக்காற்று ஊளையிட்டுக்கொண்டு போனது. மேற்கே மலையிலிருந்து கிளம்பி, தென்னையை எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வருகிற காற்று. அதுவும் தூசியும் உள்ளே வரக்கூடாதென்று நாலு பக்கமும் தார்ப்பாயும் ஈரச் சாக்கும் கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு தூசிகூட அசையவில்லை.

ஷீபா பல்லைக் கடித்துக்கொண்டு அந்த நாக்கை உரித்து எறிந்தாள். அவளுக்குப் பயமெல்லாம் வரவில்லை. கோபம்தான் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வண்டி ஷெட்டுக்குள் வந்த நாளிலிருந்தே அவளுக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

இது சூரியபிரகாஷின் வண்டி. கோம்பையில் தென்னந்தோப்பும் திராட்சைத் தோட்டமும் உள்ள வீட்டுப் பையன். போன ஆடியில் இந்த வண்டியில்தான் அவளுடைய ஒரே தம்பி இம்மானுவேல் போடிமெட்டுக்குப் போனான். இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி சரிந்தது. பெட்ரோல் கொட்டித் தீப்பிடித்தது. சூரியபிரகாஷ் முழங்கைச் சிராய்ப்போடு எழுந்துகொண்டான். இம்மானுவேல் வண்டிக்கு அடியில் கிடந்தான்.

செத்தது போதாதென்று பழியும் அவன் மேல் விழுந்தது. வண்டியை ஓட்டியது இம்மானுவேல்தான், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன் என்று சூரியபிரகாஷ் சொன்னான். அதுவே வழக்கிலும் பதிவானது. இம்மானுவேலுக்கு இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. நூல் மில்லில் வேலை பார்த்தபோது மெஷின் வாங்கிக்கொண்டது. கிளட்சைப் பிடிக்க விரல் இல்லாதவன் மலைப்பாதையில் புல்லட் ஓட்டினானாம்! இதைக் கேட்டுத் தேனியில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது ஷீபாவுக்கு மனசு ஆறியிருக்கும்.

பார்த்தவர் ஒருவர் இருந்தார். தக்காளியும் தேங்காயும் ஏற்றுகிற லோடு வண்டிக்காரர் கோட்டைச்சாமி. அடக்கத்துக்கு வந்தவர் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“‘அணைங்கண்ணே, அணைங்கண்ணே’ன்னு கத்துனான் ஆத்தா. அந்தத் தோப்புக்காரத் தம்பி தள்ளிப் போயி நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு. நாங்க மண்ண அள்ளிட்டு ஓடுறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. ஆனா ஒண்ணு, ஸ்டேசன்ல கேட்டா நான் எதையும் பாக்கலன்னுதான் சொல்லுவேன். அவுக தோப்புக் காய்தான் நான் ஏத்துறேன்.”

அணைங்க. சின்ன வயசில் இடி இடித்தால் அவள் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு, “அக்கா, அணைச்சுக்க” என்பான். அதே வார்த்தை. அதற்கப்புறம் யாராவது விளக்கை அணை என்று சொன்னால்கூட அவள் காதைப் பொத்திக்கொள்வாள். சபையில் போதகர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்த ஞாயிற்றுக்கிழமை அவள் பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டாள். யாரை மன்னிப்பது? செய்தேன் என்று ஒத்துக்கொள்ளாதவனையா?

அப்பேர்ப்பட்டவன் போன வாரம், எரிந்ததையெல்லாம் மாற்றி இன்ஜினைச் சரிபண்ணிய வண்டியை லோடு ஆட்டோவில் அனுப்பிவிட்டுப் பின்னாலேயே காரில் வந்து இறங்கினான். கிளப் பையன்களோடு மூணாறுக்குக் கூட்டமாகப் போகிறார்களாம். “டேங்குல நெருப்பு போட்டுக் குடுங்கக்கா. இம்மானுவேல் ஞாபகமா இருக்கட்டும்” என்றான். ஒரு வருஷத்துக்கு முன் இதே டேங்கில் தீப்பிடித்துத்தான் அவள் தம்பி வெந்தான். அதன் மேல் அவளே தீ வரைய வேண்டுமாம், அவன் ஞாபகமாக! போகிற போக்கில், கேட்காமலேயே ஒரு தடவை சொல்லிவிட்டும் போனான்: “நான் பின்னாடிதான்க்கா உக்காந்திருந்தேன்.”

கிங்ஸ்லி ஒத்துக்கொண்டுவிட்டான். ஷெட் நிற்கிற இடம் சூரியபிரகாஷ் வீட்டாருடையது. அன்றிலிருந்து ஷீபா புருஷனுக்குச் சோறு போடுவாள், முகம் பார்த்துப் பேசமாட்டாள்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டியதும் அவள்தான். கருகிக் கொப்பளித்துப்போன பெயின்ட் உப்புத்தாளுக்குப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இரண்டு பக்கமும் ஓரிடத்தில் மட்டும் தேய்க்கத் தேய்க்கப் போகாமல் ஒரு கறுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பெயின்ட்டின் மணம் இல்லை. அது என்னவென்று யோசிக்காமல் இருக்க, அவள் வாய்க்குள் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தாள்.

அந்த ஐந்தாவது நாக்கை மறுபடி போட்டாள். டேப்பை இடது கையால் நீட்டிப் பிடித்து, வலது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். கண் விரலைப் பார்க்கக்கூடாது, கோடு போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் வளைவு ஒடிந்து தெரியும். இரண்டு நாக்குக்கு நடுவில் விழுகிற சந்து சொட்டப்போகிற நீர்த்துளி மாதிரி இருந்தால் தீ ஓடும், இல்லாவிட்டால் செத்த புழுதான். அவள் கைக்கு இது தண்ணீர் பட்ட பாடு. கோபத்தில்கூட அந்தக் கை பிசகாது. கடைசி நாக்கும் வழுக்கிக்கொண்டு சீட்டைப் பார்த்து ஓடி, நூலாய் மெலிந்து முடிந்தது.

பிறகு அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, கோட்டை ஊசியால் குத்தி, தாளைப் புரட்டி வலது பக்கத்தில் வைத்துச் சாக்பீஸ் பொடியைத் தட்டினாள். கோலப்புள்ளி மாதிரி விழுந்த தடத்தின் மேல் அந்தப் பக்கமும் டேப்பை ஒட்டினாள். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்று. சாக்கை இழுத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்தபோது உள்ளே சூடாக இருந்தது. தகரக் கூரைக்கு அடியில் மத்தியானம் சூடாக இருப்பது புதிதில்லை. ஆனால் இந்தச் சூடு மேலேயிருந்து இறங்கவில்லை. ஷெட்டின் நடுவிலிருந்து, வண்டி நின்ற இடத்திலிருந்து, அடுப்பு முன்னால் நின்றால் முகத்தில் அடிப்பதுபோல் வந்து அடித்தது. தின்னரின் இனிப்பு நெடிக்கு அடியில் இன்னொரு மணம் ஒளிந்திருந்தது. முதலில் ரப்பர் என்று நினைத்தாள். அப்புறம் முடி கருகுகிற மணம் என்று பட்டது. மூலையில் கம்ப்ரஸர் காற்றை நிரப்பி நின்று, மிச்சக் காற்றை விட்டது. எப்போதும் உஸ்ஸென்று முடிகிற அந்தச் சத்தம் இன்று இழுத்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு “ண்ணே”யில் முடிந்தது.

அவள் டேங்கைப் பார்த்தாள்.

எல்லா நாக்கும் திரும்பியிருந்தன. இரண்டு பக்கமும். சீட்டின் அடியிலிருந்து கிளம்பி, முன்பக்கம் ஓடி, டேங்கின் பக்கவாட்டை வளைத்துப் பிடித்திருந்தன. கோட்டில் ஒரு பிசிறு இல்லை. அவள் இழுக்கிற வளைவேதான், அவள் கைதான், ஆனால் அவள் செய்ததில்லை. வலது பக்கம் ஐந்து. இடது பக்கமும் ஐந்து. அதில் மேலே ஒன்று தடித்துக் குட்டையாக, அதற்குக் கீழே இரண்டு வெறும் மொட்டையாக, அடுத்த இரண்டு நீளமாக.

தீ இல்லை. கை.

இம்மானுவேலுக்கு வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் பயம். இறக்கம் வந்தால் போதும், முன்னால் இருப்பவரின் இடுப்பைச் சுற்றிக் கையை விட்டு டேங்கை அழுத்திக்கொள்வான். கிங்ஸ்லி வண்டியில் எத்தனை தடவை அப்படிப் போயிருப்பான்! “விடுறா, மூச்சு முட்டுது” என்று கிங்ஸ்லி கத்துவான். இவன் இன்னும் இறுக்குவான்.

ஓரடி பின்வாங்கிவிட்டு மறுபடி கிட்டப் போனாள். நகத்தால் ஒரு நாக்கின் நுனியைக் கிளப்பப் பார்த்தாள். விரல் சுரீர் என்றது. தோசைக்கல்லைத் தொட்டதுபோல் நுனி வெளுத்துவிட்டது.

“என்னாடி இது?” சாக்கை விலக்கிக்கொண்டு கிங்ஸ்லி நின்றான். டேங்கை இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தான். “வம்புக்குன்னே இப்பிடிப் போட்டியா? அந்தத் தம்பி கேட்டா நான் என்னா சொல்ல?”

“நான் போடல.”

“பின்ன அங்கன யாரு, உங்க அப்பனா வந்து போட்டாரு?” என்றவன் இடது பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தான். அந்த இரண்டு மொட்டை நாக்குகளில் அவன் கண் நின்றது. குரல் இறங்கிவிட்டது. “உரிச்சிரு ஷீபா. வேணாம். பாவம், செத்தவன விட்ரு.”

அவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். விட்டுவிடு, விட்டுவிடு என்று ஊரெல்லாம் ஒரு வருஷமாக அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது. ஷீபாவின் பயம் போன இடம் தெரியவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவன் யார் என்று இந்த டேங்க் சொல்கிறது. ஸ்டேஷனும் சொல்லாததை, கோட்டைச்சாமியும் சொல்லாததை, இந்த இரும்பு சொல்கிறது. அதையும் உரிக்க வேண்டுமா?

“இப்பிடியே அடிங்க” என்றாள். “மஞ்சளு, ஆரஞ்சு, செவப்பு. எதையும் கொறைக்காம அடிங்க. நீங்க அடிக்கலன்னா நானே அடிப்பேன்.”

அவள் முகத்தைப் பார்த்தவன் ஸ்பேனரை எடுத்தான். டேங்கைக் கழற்றிச் சாயங்காலத்துக்குள் அடித்து முடித்தான். டேப்பை உரித்தபோது கறுப்பின்மேல் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை எரிந்துகொண்டிருந்தன. இப்படி ஒரு நேர்த்தி அவன் ஸ்ப்ரே கன்னில் வந்ததே இல்லை. மேலே பூசிய நிறமில்லாத கிளியர் கோட் காய்ந்து, டேங்கைத் திரும்ப ஏற்றியதும் அவன் டீ குடிக்கப் போய்விட்டான். ஷீபா மட்டும் நின்றாள்.

அந்த இடது கையின் மேல் தன் கையை வைத்தாள். இப்போது சுடவில்லை. தூங்குகிற பிள்ளையின் வயிறு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. அவளுக்கு அழுகை வரும் என்றுதான் நினைத்தாள். வரவில்லை. ஒரு வருஷமாக நெஞ்சுக்குள் கிடந்து புகைந்ததுதான் வந்தது.

“யாரு ஓட்டுனான்னு ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்” என்றாள். “நல்லாப் பிடிச்சுக்கடா இம்மா. ஓட்டுறவன விடாத. என்ன ஆனாலும் ஓட்டுறவன விட்ராத.”

கையின் அடியில் ஏதோ நெளிந்தது. தம்பி சரி என்று சொன்னதாகவே எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் வெயில் தாழத் தோப்பு வீட்டுக் கார் சூரியபிரகாஷை இறக்கிவிட்டுப் போனது. சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவன், வண்டியைப் பார்த்ததும் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். டேங்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். இடது பக்கம் வந்ததும் நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டான்.

“தீ... முன்னாடி பாக்குதுக்கா.”

“ஆமா தம்பி. பின்னாடி உக்காந்து பிடிச்சா கை முன்னாடிதான பாக்கும்?”

அவன் அவளைப் பார்க்கவில்லை. ஷெட்டுக்கு வெளியே காற்று தார்ப்பாயை அறைந்தது. கிங்ஸ்லி சாவியை நீட்டினான். சூரியபிரகாஷ் வாங்கவில்லை.

“அண்ணே, நீங்களே கோம்ப வரைக்கும் ஓட்டிட்டு வந்துருங்க. நான் பின்னாடி உக்காந்துக்கிறேன். திரும்ப கார்ல விடச் சொல்றேன். மூணாறுக்கும் கிளப் பையன் ஒருத்தன்தான் ஓட்டப்போறான். அன்னைக்கப்பறம் எனக்கு ஹேண்டில்பார்ல கைவைக்கவே...” நிறுத்திவிட்டான்.

சாவியை நீட்டியிருந்த கிங்ஸ்லியின் கை இறங்கியது.

“அன்னைக்கப்பறமா?” என்றாள் ஷீபா. அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. “அப்ப அன்னைக்கு ஹேண்டில்பார்ல கைவச்சது யாரு? சொல்லு. எம் புருசன் இருக்காக, கேக்கட்டும். சொல்லுடா!”

“நான் பின்னாடிதான்க்கா உக்காந்திருந்தேன்” என்றான் அவன். மனப்பாடம் செய்த குரல். சொல்லிவிட்டு, அதை நிரூபிக்கிறவன் மாதிரி விறுவிறுவென்று வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு போய், பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

“போதும் ஷீபா, ரோட்டுல வச்சு வேணாம்” என்றான் கிங்ஸ்லி. “அங்கன போயி அவுக அப்பாவ வச்சுக்கிட்டே நான் கேக்குறேன். இன்னைக்கிக் கேக்காம வரமாட்டேன்.” ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவன் அவள் பக்கம் பேசினான். அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மாட்டிக்கொண்டான், வாயாலேயே மாட்டிக்கொண்டான் என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. கிங்ஸ்லி ஏறி உட்கார்ந்து உதைத்தான். ஒரே உதையில் வண்டி பிடித்துக்கொண்டது.

கியர் போட்டு ரோட்டில் ஏறும்போது அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“என்னா தம்பி, இந்தப் பிடி பிடிக்கிறீக? மூச்சு முட்டுது!”

ஷீபா நிமிர்ந்தாள்.

சூரியபிரகாஷின் இரண்டு கைகளும் பின்னால் இருந்தன. கேரியர் கம்பியைப் பிடித்திருந்தன.

வண்டி மேற்கே திரும்பியது. திரும்பியபோது டேங்கின் இடது பக்கம் முழுசாகத் தெரிந்தது. வெறும் கறுப்பு. தீ இல்லை. ஒரு கோடுகூட இல்லை.

கிங்ஸ்லியின் வெள்ளைச் சட்டை இடுப்பில் குழிந்திருந்தது. மேலே ஒரு குழி. இடைவெளி. கீழே இரண்டு.

ஓட்டுறவன விடாத.

“இம்மா!” அவள் ஓடினாள். செருப்பு எங்கோ கழன்றது. “விடுடா! மச்சான்டா அது! உன் மச்சான்டா!”

காற்று அவள் குரலை அவள் வாய்க்குள்ளேயே திருப்பி அடைத்தது. சூரியபிரகாஷ் ஏதோ அலறிக்கொண்டு பின் சீட்டிலிருந்து ரோட்டில் உருண்டான். வண்டி நிற்கவில்லை. கிங்ஸ்லி ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து இடுப்பைத் தடவினான். எதையோ பிய்க்கப் பார்த்தான்.

இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்த துணி மாதிரி, அந்தக் குழிகளைச் சுற்றிச் சட்டை பழுப்பேறியது. கறுத்தது. அதிலிருந்து மெல்லப் புகை எழுந்தது.

எதிர்க்காற்று. அத்தனை தென்னையும் கிழக்கே சாய்ந்து கிடந்தது. புகை பின்னால்தான் வர வேண்டும்.

அது முன்னால் போனது. அவனைச் சுற்றிக்கொண்டு, ஹெட்லைட்டைத் தாண்டி, ஐந்தாகப் பிரிந்து, நீளமாக, ஒரு பிசிறு இல்லாமல் வளைந்து, மலையைப் பார்த்து.